மாமா குளிக்காத மூன்று சீசன்

அப்பாவின் நண்பர் ஒருவரை நான் மூன்று வருடமாகப் பழிவாங்கிக்கொண்டிருக்கிறேன். தென்காசியில் எங்கள் தெருவிலேயே, நான்கு வீடு தள்ளி இருக்கிறார். சின்ன வயதிலிருந்து மாமா என்றுதான் கூப்பிட்டேன். இப்போது எப்படியும் கூப்பிடுவதில்லை.

அப்பா டிரில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்தால் கால் குறுகுறுக்கும். ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் தினமும் விடிய மாமாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு குற்றாலம் போய், வண்டியை அங்கே நிறுத்திவிட்டு ஐந்தருவிக்கு நடப்பார். பையில் ஒரு பாட்டில் நல்லெண்ணெயும் இரண்டு துண்டும் இருக்கும். எண்ணெயில் பாதி முன்பின் தெரியாதவர்களின் தலைக்குப் போகும். "வெளியூர்க்காரன், காஞ்ச தலையோட நிக்கான், பாவம்" என்பார். அருவிக்கு நேர் கீழே நல்ல இடம் கிடைத்தால் பக்கத்தில் நிற்பவரை இழுத்து அங்கே விட்டுவிட்டு, ஓரத்தில் வழிகிற தண்ணீரில் நனைந்துவிட்டு வருவார். கூடப் போகிற நாட்களில் இதைப் பார்த்து எனக்கு எரிச்சலாக வரும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு சாரல் காலையில் நடந்ததை மாமாவே எங்கள் வாசலில் நின்று சொன்னார். ஐந்தருவி போகிற வழியில் அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டு ஒரு பாலச் சுவரில் உட்கார்ந்தாராம். வாயுப் பிடிப்பு என்றாராம். "நீ போயிக் குளி, கூட்டம் வந்துரும். நான் பின்னால வாரேன்" என்றாராம். மாமா போனார். ஆற அமரக் குளித்தார். திரும்பி வந்தபோது அப்பாவை யாரோ டீக்கடை பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். உயிர் போயிருந்தது. ஒரு காய்ச்சல் மாத்திரைகூடப் போட்டுப் பழகாத மனிதர்.

மாமா அழுதுகொண்டேதான் சொன்னார். நான் அழுகையைப் பார்க்கவில்லை. அவர் தலை ஈரமாக இருந்தது. கழுத்தில் அப்பாவின் துண்டு கிடந்தது.

சாயங்காலம் நீர்மாலைக்குப் புறப்பட்டார்கள். ஆண்கள் போய்க் குளித்துவிட்டு, தலைக்கு மேல் வேட்டியை விரித்துப் பிடித்தபடி, இறந்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவருவது எங்கள் பக்கத்து வழக்கம். வேட்டியின் ஒரு மூலையைப் பிடிக்க மாமா வந்தார். கூடப் பிறந்தவர் மாதிரி பழகியவர் என்பதால் யாரும் தடுக்கவில்லை. மகள் நான்தான் படியிறங்கி வந்தேன்.

"மாமா காலையிலேயே குளிச்சிட்டாவ. அவிய வர வேண்டாம். எங்கப்பா துண்ட மட்டும் குடுத்துட்டுப் போவச் சொல்லுங்க."

தெரு முழுக்கக் கேட்டது. மாமா வேட்டியிலிருந்து கையை எடுத்தார். துண்டை மடித்துப் படியில் வைத்துவிட்டுப் போனார். அதை நான் ஸ்கூட்டர் துடைக்கப் போட்டேன். சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க இன்றைக்கும் எனக்கு மனமில்லை.

அதன் பிறகு மாமா அருவிப் பக்கம் போவதில்லை என்று கேள்விப்பட்டேன். பேரப்பிள்ளைகள் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போனபோதும் காரை விட்டு இறங்கவில்லையாம். நல்லா வேணும் என்று நினைத்தேன். சாரல் அடிக்கிற காலைகளில் வேண்டுமென்றே அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்து அவர் வீட்டு வாசலில் மெதுவாக ஓட்டுவேன். சத்தம் கேட்டதும் அவர் எழுந்து உள்ளே போய்விடுவார். அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு ருசிக்கும்.

இந்த ஆனியில் அவர் மனைவி வந்தார். எனக்கு அத்தை. காப்பி வேண்டாம் என்றார்.

"நீ சொன்னாத்தான் அருவிக்குப் போவேன்னு மாமா சொல்லுதாவ. மூணு சீசன் ஆச்சு. போயிக் குளிங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுட்டி."

அப்பாவாக இருந்தால் அத்தை கேட்டு முடிக்கும் முன்பே எண்ணெய் பாட்டிலோடு அந்த வீட்டுக்கு ஓடியிருப்பார். அதை நினைத்ததும் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அந்தத் தாராளம்தானே அவரைப் பாலச் சுவரில் தனியாக உட்கார வைத்தது.

"அவிய குளிச்சா எங்கப்பா வந்துருவாவளா?"

"வர மாட்டாவ" என்றார் அத்தை. காய்ந்து கிடந்த என் தலையைப் பார்த்தார். "நீ கடைசியா எப்ப அருவிக்குப் போன?"

அப்பாவோடு போனதுதான். சாரல் காலைகளில் ஸ்கூட்டரை எடுத்தாலும், மாமா வீட்டு வாசலைத் தாண்டியதும், ஒவ்வொரு முறையும் அடுத்த தெருவில் வண்டியைத் திருப்பி வீட்டுக்குத்தான் வந்திருக்கிறேன்.

அத்தை எழுந்து செருப்பை மாட்டினார்.

"மாமாட்ட நான் என்ன சொல்ல?"

"நானும் இன்னும் போகலன்னு சொல்லுங்க" என்றேன்.