கறுப்புப் பெட்டிக்குள் கத்திரிப்பூ நிறக் கண்ணாடி

1. முள் நின்ற பிறகுதான் ரீடிங்

தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன மின்கருவிப் பட்டறை ஒன்றில் டெஸ்டிங் பார்த்தேன். அதற்கு முன் பத்து வருஷம் மீட்டர் காலிப்ரேஷன், அதாவது மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்க்கும் வேலை. ஸ்விட்சைப் போட்டு முப்பது எண்ணி, முள் நின்ற பிறகுதான் டயலைப் பார்ப்பேன். அந்த ஒழுங்கில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

ஒருநாள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் தீப்பெட்டி அளவுக் கண்ணாடித் துண்டைக் கொண்டுவந்தார். உப்பளத்தில் வாழும் நுண்ணுயிரியின் புரதம் அதில் பூசியிருந்தது. அந்தப் பூச்சு தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம், லேசான கத்திரிப்பூ நிறம்.

"வெளிச்சம் பட்டா கரண்ட் தரும்மா. ஆம்ப்ளிஃபயர் போட்டு சிக்னல் காட்டுங்க" என்றார்.

கறுப்புப் பெட்டிக்குள் கண்ணாடியையும் ஒரு பல்பையும் வைத்தேன். கண்ணாடியிலிருந்து வந்த கம்பியை, சின்ன சிக்னலைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபயர் வழியாக முள் மீட்டரில் கோத்தேன். நான்கு நாளும் ஜீரோ. ஐந்தாம் நாள் காலை முதலாளி வந்தார்.

"வசந்தா, சாயந்தரம் அந்த காலேஜ் சார் வர்றாரு. சிக்னல் இல்லன்னா இந்த பெஞ்சுக்கு வேற ஆள் போட்டுடுறேன். நீ பேக்கிங் பக்கம் போயிடு."

ஃபிட்டர் முனுசாமி வேறு, "முட்டையில கீற சத்த வச்சி கரண்டு எடுக்கப் போறியாக்கா? வுட்டுத் தள்ளு" என்றான்.

"உன் வேலையப் பாருடா!" என்று எரிந்து விழுந்தேன்.

2. கரண்ட் போனது

மூன்று மணிக்கு மறுபடி பல்பைப் போட்டு முப்பது எண்ணிப் பார்த்தேன். ஜீரோ. கோபத்தில் டயலை முறைத்துக்கொண்டிருந்தபோதே பவர்கட். பெட்டிக்குள் பல்ப் அணைந்தது. ஆம்ப்ளிஃபயர் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. முள் சடாரென்று இடது பக்கம் துள்ளி, திரும்பி ஜீரோவில் நின்றது.

"இன்னாக்கா இது, கரண்டு போனா குதிக்குது?" என்றான் முனுசாமி.

கரண்ட் வந்தபோது எண்ணவில்லை, கண்ணை எடுக்கவுமில்லை. இப்போது வலது பக்கம் துள்ளியது. வெளிச்சம் மாறும் கணத்தில் மட்டும் அது சிக்னல் தருகிறது. நான் முப்பது எண்ணுவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அடச்சே, கோளாறு கண்ணாடியில் இல்லை, என்னிடம்!

சாயந்தரம் பெட்டியைத் திறந்து, பல்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் காலண்டர் அட்டையை ஆட்டிக் காட்டினேன். முள் இடமும் வலமும் துள்ளியது.

"நகர்றத மட்டும் கண்டுபிடிக்கிற சென்சாருக்கு இதுதாம்மா வேணும்!" என்றார் பேராசிரியர்.

"நாலு நாளா ஏன் தெரியல?" என்றார் முதலாளி.

"நான்தான் சார் தப்பு. முள்ளு நின்னப்புறம் பாத்தேன்."

முதலாளி தலையாட்டினார். "சரி, பெஞ்சு உன்னோடதுதான்."

டெஸ்டிங்குக்கு வரும் பிள்ளைகளே, ஜீரோ என்று எழுதினால் எப்போது பார்த்தீர்கள் என்றும் எழுதுங்கள். என் நோட்டில் அந்த நான்கு நாள் ஜீரோக்களை நான் அடிக்கவில்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் "முப்பது எண்ணிய பிறகு" என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.