வாடகைக்கு வந்த புரோட்டீன்

போன ஞாயிற்றுக்கிழமை நாமக்கல்லில், என் வாயால் ஒரு வாடகை வீடு போகப் பார்த்தது.

என் அக்கா மகள் சௌமியா அங்கே ஆராய்ச்சி மாணவி. ஹாஸ்டலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வீடு தேடுகிறாள். பார்த்த வீடெல்லாம் ‘என்ன ஆராய்ச்சி?’ என்ற கேள்வியிலேயே கைநழுவிப் போயின. காரணம், காசநோய்க் கிருமி.

“இந்த ஊடும் போச்சுன்னா படிப்பை விட்டுட்டு ஊருக்கு வர வேண்டியதுதான் மாமா. தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்க” என்று வழியெல்லாம் கெஞ்சினாள். நான் இருமிக்கொண்டே தலையாட்டினேன். கொஞ்ச நாளாக ஒரு இருமல்... லாரிப் புகை, ரோட்டுப் புழுதி. வேறென்ன?

வீட்டுக்காரர் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். மாடி போர்ஷனைக் காட்டினார். நல்ல காற்றோட்டம். அவர் மனைவி காபி கொடுத்துக்கொண்டே கேட்டார்.

“அம்மணி என்னுங்க படிக்குது?”

“பயாலஜிங்க” என்றாள் சௌமியா. அத்தோடு விட்டிருக்கலாம். தாய்மாமன் பெருமை சும்மா இருக்குமா?

“சாதாரண பயாலஜி இல்லீங்க. டிபி கிருமியையே ஆராய்ச்சி பண்றா!” என்றேன்.

அந்த அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். சௌமியா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... வேண்டாம், விடுங்கள்.

“கிருமியை நான் தொடறதே இல்லீங்க” என்று படபடத்தாள். “அதோட சவ்வுல ஒரு புரோட்டீன் இருக்குங்க. மருந்து உள்ள போனா வெளிய தள்ளி விட்டுரும். அந்தப் புரோட்டீனை மட்டும் வேற ஒரு சாதுவான பாக்டீரியாவுல வளர்த்து எடுக்கறோம்.”

வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “புரோட்டீனு... சவ்வு... ஏனுங்க, அப்ப முட்டைன்னு சொல்லுங்க!”

நாமக்கல்லில் புரோட்டீன் என்றால் வேறென்ன நினைப்பார்கள்?

“புது முட்டையை வேக வெச்சு உரிச்சுப் பாருங்க. சவ்வோட வெள்ளைக்கருவும் சேர்ந்து பிஞ்சு வந்துரும். லேசுப்பட்ட வேலையில்லீங்க” என்றார்.

“என் பிரச்சினையும் அதேதாங்க!” சௌமியாவுக்கு உயிர் வந்துவிட்டது. “சவ்வை விட்டு வரவே வராது. சோப்பு மாதிரி ஒண்ணு போட்டுத்தான் கழட்டணும்.”

அந்த அம்மா தலைப்பை இறக்கினார். “அட, நாளெல்லாம் சோப்புத் தண்ணியிலதான் வேலையா? சுத்தமான புள்ளைங்க.”

“எங்க பண்ணைக்குள்ள மருந்துத் தண்ணியில கால் நனைச்சுட்டுத்தான் போவோணும். லேப்புல எப்படி சாமி?” என்று கேட்டார் வீட்டுக்காரர்.

“கிளவுஸ், கோட்டு எல்லாம் கழட்டி, கை கழுவிட்டுத்தாங்க வெளிய வருவோம்.”

அவர் சாவியை எடுத்தார். நன்றி சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்... இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை.

“ஏனுங்க சார், இது எத்தனை நாளா?” என்றார்.

“மூணு வாரம் இருக்கும்...”

“மூணு வாரமா! ரெண்டு வாரம் தாண்டினாலே சளி டெஸ்ட் பண்ணணும் மாமா. ஏன் சொல்லலை?” சௌமியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

நீதானே வாயைத் திறக்காதே என்றாய்?

யோசித்துப் பாருங்கள்... கிருமியைப் பற்றிப் படிக்கிற பெண்ணைக் கண்டு மூக்கைப் பொத்துகிறோம். பக்கத்திலேயே உட்கார்ந்து இருமுகிற ஆளுக்குக் காபி கொடுக்கிறோம்!

வீட்டுக்காரர் சாவியை அவள் கையில் வைத்தார். “அம்மணி நாளைக்கே வரட்டுங்க. நீங்க மட்டும் டெஸ்ட் எடுத்துட்டு வாங்க சார்.”

எடுத்தேன். டிபி இல்லை, வெறும் அலர்ஜி. நேற்று ரிசல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

மாடிப்படிக்குக் கீழே, பண்ணையிலிருந்து கொண்டுவந்த ட்ரேயில் மருந்துத் தண்ணீர் — எனக்கு மட்டும்!