மெழுகக்காவின் இரண்டு தட்டுகள்

மருத்துவமனையின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் மெழுகக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளிகளிடமிருந்து எடுத்து வரும் சதைத் துணுக்குகளை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயம் போடுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக இதுதான். ஒரு நோயாளியின் முகமும் தெரியாது. பெயர்ச்சீட்டுகள் மட்டும் மனப்பாடம்.

அதே பெயர் இரண்டாம் முறை மேசைக்கு வந்தால் சீவுவதை நிறுத்திவிடுவாள். நோய் திரும்பிவிட்டது என்று அர்த்தம். உடனே பழைய தகட்டைத் தேடியெடுத்து நுண்ணோக்கியில் வைப்பாள். வைரஸால் வரும் தொண்டைப் புற்று பொதுவாக மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் நன்றாகவே மசியும் என்பார்கள். அப்படியிருந்தும் சிலருக்கு ஏன் திரும்புகிறது? வருடக்கணக்காகப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. திரும்பி வராதவர்களின் கட்டிக்குள், எதிர்ப்புச் சக்தி தரும் செல்கள் கரிய புள்ளிகளாக எறும்பு மாதிரி மொய்த்திருந்தன. திரும்பி வந்தவர்களுக்கோ அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

தலைமை மருத்துவரிடம் சொன்னாள்.

"நீங்க சீவிக் குடுங்கம்மா. பார்க்கிறதை நாங்க பார்த்துக்கறோம்."

முகம் சுண்டிப்போய்த் திரும்பினாள். ஆனால் பார்ப்பதை நிறுத்தவில்லை.

ஆராய்ச்சிக்காகப் புதிதாக வந்த பெண் மருத்துவர்தான் காது கொடுத்துக் கேட்டார். "வெளியிலயும் சில ஆராய்ச்சிக்காரங்க இந்தச் செல்களை எண்ண ஆரம்பிச்சிருக்காங்க அக்கா. வாய் வார்த்தையா சொன்னா இங்க யாரும் நம்ப மாட்டாங்க. சோதிச்சுப் பார்த்துடலாமா?"

"பார்த்துடலாம். தப்பாப் போனா என் மானம்தானே போகும்!"

வேறொரு மருத்துவமனையிலிருந்து நாற்பது பேரின் பழைய தகடுகள் வந்தன. எல்லாம் அதே வைரஸ் வகை. பெயர்களின் மேல் தாள் ஒட்டி மறைத்தார்கள். யாருக்கு என்ன ஆயிற்று என்ற விவரம் ஒட்டிய உறைக்குள் இருந்தது. மெழுகக்கா இரண்டு தட்டுகளை வைத்துக்கொண்டாள். நோய் அடங்கும் என்று தோன்றியவை இடப்பக்கம். திரும்பும் என்று தோன்றியவை வலப்பக்கம். மூன்று நாளில் நாற்பதையும் பிரித்து முடித்தாள். கழுத்து மரத்துப்போயிற்று.

நாலாம் நாள் காலை தலைமை மருத்துவர் முன்னிலையில் உறையைப் பிரித்தார்கள். புதிய மருத்துவர் ஒவ்வொன்றாக வாசித்து, மெழுகக்காவின் தட்டுகளோடு ஒப்பிட்டுக் குறித்தார். நாற்பதில் முப்பத்தாறு சரி.

"இன்னொரு தடவை எண்ணுங்க" என்றார் தலைமை மருத்துவர்.

எண்ணினார்கள். அதே முப்பத்தாறு. அவர் எழுந்து வந்து, நுண்ணோக்கியின் எதிரே உட்கார்ந்தார். "எங்கே பார்க்கணும்மா? காட்டுங்க."

அதன்பின் அந்தச் செல்களைக் கணினி வைத்து எண்ணினார்கள். இன்னும் மூன்று மருத்துவமனைகளின் தகடுகளிலும் கணக்குப் பிசகவில்லை. யாரைக் கூடுதலாகக் கண்காணிக்க வேண்டும் என்பதைச் சிகிச்சை தொடங்கும்போதே கணிக்க ஒரு வழி கிடைத்தது. ஆங்கிலத்தில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில், எழுதியவர்கள் வரிசையில் மூன்றாவதாக அவள் பெயர் அச்சாகியிருந்தது.

அன்று மாலை, தையல்காரரான அவள் கணவர் அந்தத் தாளை வாங்கி நெடுநேரம் உற்றுப் பார்த்து, வாய்க்குள் முணுமுணுத்தார்.

"ஒரு வரி புரியலை. உன் பேரை மட்டும் எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டேன்."

"முணுமுணுன்னு படிச்சா எப்படி?" என்று சிரித்தாள் மெழுகக்கா. "சத்தமா படிங்க. எதிர் வீட்டுக்கும் கேட்கட்டும்!"