திரௌபதி போடாத கையெழுத்து

கீழ்பென்னாத்தூர் திரௌபதிக்கு வந்த வம்புக்குக் காரணம் நான்தான். அதை மறைத்துவிட்டு அவளைப் பற்றி எழுத முடியாது.

நெல்லுக்கு மருந்தடிக்கிற ட்ரோனை ஓட்டுகிறவள் அவள். சென்னைக்குப் போய்ப் படித்து லைசென்ஸ் வாங்கினாள். "பொம்பளைக்கு எதுக்கு பறக்கிற மிஷினு?" என்று கேட்டவனிடம், "உன் நெலத்துக்கு வரல, போ" என்றாள். அடுத்த போகத்தில் அவனே வந்து கூப்பிட்டான்.

திருவண்ணாமலை ரோட்டோர வயலில் மூன்று முறை ட்ரோன் பாதை தப்பியது. மூன்றாவது முறை புளியமரத்தில் மோதி இறக்கை ஒடிந்தது. ட்ரோன் கொடுத்த கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார்.

"உங்க கைத்தப்புனு எழுதி கையெழுத்து போடுங்க. ட்ரோனை எடுத்துட்டுப் போறோம்."

"போட மாட்டேன் சார். தான் எங்க இருக்கோம்னு ட்ரோன் சேட்டிலைட்டைப் பார்த்துதான் தெரிஞ்சுக்குது. பதினெட்டு காட்டினது திடீர்னு ஒண்ணுகூட இல்லாம போச்சு. மூணு தடவையும் டீக்கடைல அந்த வேன் நின்னுச்சு."

அது நான் ஓட்டுகிற வேன். எங்கே நிற்கிறது என்று ஓனர் போனிலேயே பார்ப்பார். டீக்கு நின்றாலும் திட்டு. அதனால் சிகரெட் பற்றவைக்கிற ஓட்டையில் ஒரு சின்னக் கருவியைச் செருகியிருந்தேன். சேட்டிலைட் சிக்னலை அது அமுக்கிவிடும். வேன் மட்டும்தான் மறையும் என்று நினைத்தேன்.

அன்றும் டீக்கடையில் வேனோடு நின்றிருந்த என்னிடம் ரிமோட்டோடு நேராக வந்தாள்.

"முருகையண்ணா, சாவியை ஆஃப் பண்ணுங்க."

"பாட்டு ஓடுது இல்ல?"

"நான் பாடறேன். ஆஃப் பண்ணுங்க."

இறக்கை ஒடிந்தாலும் ட்ரோனுக்கு உயிர் இருந்தது. ஆஃப் செய்த கொஞ்ச நேரத்தில் ரிமோட் திரையில் பதினேழு வந்தது. ஆன் செய்தேன். பூஜ்ஜியம்.

"யோவ், ஏர்போர்ட் பக்கம் இதோட போனா ப்ளேனே தடுமாறும்யா" என்று, பின்னாலேயே வந்த கம்பெனிக்காரர் கருவியைப் பார்த்து என்மேல் பாய்ந்தார். போன மாதம்தான் மீனம்பாக்கம் வழியாக லோடு அடித்திருந்தேன்.

"அவரை அப்புறம் திட்டுங்க சார். பார்த்ததை மொதல்ல எழுதுங்க. என் தப்பு இல்லனு எழுதுங்க. புது இறக்கை நீங்கதான் போடணும், அதையும் எழுதுங்க."

வேன் முகப்பின் மேல் காகிதத்தை வைத்து அவர்தான் எழுதினார், அவர்தான் கையெழுத்தும் போட்டார்.

கருவியைப் பிடுங்கி அவளிடம் நீட்டினேன். மருந்துத் தண்ணீர் டிரம்மில் போட்டாள்.

"ஓனர் கேட்டா இன்னா சொல்வீங்க?"

"நீ பயந்து கையெழுத்து போட்டியா? நான் மட்டும் பயப்படணுமா?"

திங்கட்கிழமை புது இறக்கையோடு அதே வயலில் ட்ரோன் கோடு பிடித்தாற்போல் பறந்தது. வேனை அதே இடத்தில் நிறுத்தி, பாட்டையும் போட்டேன். ஓனர் போன் வந்தது.

"டீ குடிக்கிறேன்" என்றேன்.