கஞ்சி வடிக்க ஒரு கூடை

எல்லோரும் சென்னைக்கு வந்து அலுவலகத்தில் உட்கார்ந்துதான் இனி வேலை பார்க்க வேண்டும் என்று மின்னஞ்சல் வந்தபோது எனக்கு முதலில் தோன்றிய கேள்வி, கஞ்சியை யார் வடிப்பார்கள் என்பதுதான். விடுதி, வாடகை, ரயில் எல்லாம் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தன.

முந்தைய மழைக்காலத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். தஞ்சாவூரில் உலோகத் தகடு வைத்துச் சரி செய்தார்கள். எலும்பு கூடிவிட்டது. தலை வாருகிறாள், காய் நறுக்குகிறாள், தோசை திருப்புகிறாள். இரண்டு வேலைகள் மட்டும் அந்தக் கைக்குத் திரும்பவில்லை. ஒன்று, கனமான ஒன்றை இறுகப் பிடிப்பது. மற்றொன்று, பிடித்தபடியே மணிக்கட்டைச் சாய்ப்பது. சோறு வடிக்க இரண்டும் ஒரே சமயத்தில் வேண்டும். கொதிக்கும் பானையின் வாயில் தட்டை வைத்து, துணியோடு சேர்த்து இரு பக்கமும் அழுத்திப் பிடித்து, தொட்டிமேடை ஓரமாகச் சாய்த்து, கஞ்சி முழுக்க இறங்கும்வரை அசையாமல் நிற்க வேண்டும். பிடி தளர்ந்தால் தட்டு நழுவும். தட்டு நழுவினால் சோறும் கஞ்சியும் கை, கால், தொட்டி என்று பார்க்காது.

அதனால் அந்த வேலை என்னிடம் வந்தது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் படித்தது இயந்திரவியல். பார்ப்பது மென்பொருள் சோதனை வேலை. காலைக் கூட்டம் பாதியில் இருக்கும்போது அடுப்படியிலிருந்து "பதம் வந்துடுச்சுடி" என்று குரல் வரும். மைக்கை அணைத்துவிட்டு ஓடுவேன். வடித்துவிட்டு வந்து, ஈரக் கையோடு, யார் எதைக் கேட்டார்கள் என்று தெரியாமலே "பார்த்துச் சொல்கிறேன்" என்பேன். இப்படியே மாதங்கள் போய்விட்டன. பெரிய வேலை இல்லை. ஆனால் தினமும் அதே நேரத்தில், அதே ஓட்டம். ஞாயிற்றுக்கிழமைகூடக் காது அந்தக் குரலுக்காகக் காத்திருக்கும்.

குக்கரை நான் சொல்லாமல் இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை. கஞ்சி வடித்த சோறுதான் சாப்பிட வேண்டும் என்று மருத்துவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். மருத்துவர் சொன்ன மற்றவற்றை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. மாட்டுக்குக் கஞ்சி வேண்டும். தவிர, சொந்த வயலில் விளைந்த அரிசியைக் குக்கரில் வைத்துக் குழைப்பது அம்மாவுக்கு ஏதோ அநியாயம் போலப் பட்டது.

அப்பாவையும் ஒருமுறை வடிக்க விட்டோம். பாதிச் சோறு தொட்டிக்குள் போனது.

"மூணு மா வயலு தண்ணிய ஒத்த ஆளா வடிய வச்சிடுவாரு. ஒரு பானை கஞ்சிய வடிக்க மாட்டாரு" என்றாள் அம்மா.

"வயலு சுடாதுல்ல" என்றார் அப்பா, விரலை ஊதிக்கொண்டே.

அதற்குப் பிறகு அவரை அடுப்புப் பக்கம் அம்மா அண்ட விடவில்லை. ஆக, நான் சென்னைக்குப் போவதற்குள் அம்மா பானையைச் சாய்க்காமலே, தனியாக, கை சுடாமல் சோறு வடிக்க ஒரு வழி வேண்டும். எனக்குக் கிடைத்த விடை, கண் வைத்த எவர்சில்வர் கூடை. வடிகூடை என்று கடையில் கேட்டால் தருவார்கள். பானையிலிருந்து சோற்றை அள்ளி அதில் போட்டால் கஞ்சி கீழே இறங்கிவிடும். எங்கள் வீட்டில் அது இல்லை என்று நினைத்திருந்தேன்.

எதை வாங்குவதற்கும் முன்பு தேவைகளை எழுதிக்கொள்வது என் பழக்கம். கைபேசியில் எழுதினேன். தகடு கனமாக இருக்க வேண்டும், வெந்நீர் பட்டு நெளியக் கூடாது. விளிம்பு மடித்திருக்க வேண்டும், கையை அறுக்கக் கூடாது. காதுகள் இரண்டும் ஒரு கைப்பிடித் துணி நுழையும் அளவு பெரிதாக இருக்க வேண்டும். அடியில் வளையம் வேண்டும், ஆடாமல் நிற்க. கடைசியாக, கண் வழியாக அரிசி விழக் கூடாது. இந்தக் கடைசித் தேவையைச் சோதிப்பதற்காக வீட்டு அரிசியில் ஒரு கைப்பிடியைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டேன்.

மன்னார்குடியில் அம்மா எப்போதும் போகும் பாத்திரக் கடைக்குப் போனோம். கடைக்காரர் அம்மாவைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்கக்கா, வாங்க. கை எப்படி இருக்கு?"

"இருக்கு பாய், எடத்துலதான் இருக்கு. வேலைக்குத்தான் வரமாட்டேங்குது."

வடிகூடைகளை மேலிருந்து இறக்கச் சொன்னார். ஒவ்வொன்றாகத் தரையில் வைத்து அழுத்தினேன். ஆடியவற்றை ஒதுக்கினேன். கையோடு கொண்டுபோயிருந்த காந்தத்தை வைத்துப் பார்த்தேன். காந்தம் ஒட்டாதவை எல்லாம் நல்ல ரகமாகிவிடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒட்டுவதையாவது ஒதுக்கலாம். பிறகு பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொரு கூடையிலும் அரிசியைப் போட்டுக் குலுக்கினேன்.

"அக்கா, பொண்ணு பாத்திரம் வாங்க வந்திருக்கா, கடைய ரெய்டு பண்ண வந்திருக்கா?"

"அவ அப்படித்தான் பாய். மாப்பிள்ளை பாக்கும்போதும் இதே மாதிரி ஏதாவது கொண்டாருவா."

"கொண்டாரட்டுமே. குலுக்கிப் பாத்து எடுத்தா பின்னாடி கஷ்டமில்ல."

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. பெரிய கண் வைத்த கூடைகளில் அரிசி பொலபொலவென்று விழுந்தது. ஒரே ஒரு கூடையில், கண் ஊசிமுனை போலச் சின்னதாக இருந்த கனமான கூடையில், ஒரு மணிகூட விழவில்லை. என் பட்டியலில் இருந்த எல்லாவற்றுக்கும் அது பொருந்தியது. எடை போட்டார்கள். அப்பாடா என்றிருந்தது. தண்ணீர் குடிக்க வெளியே போனேன்.

திரும்பி வந்தபோது பேர் வெட்டும் இயந்திரம் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் எவர்சில்வர் வாங்கினால் வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன்பு கடையிலேயே பேர் வெட்டிவிடுவார்கள். கல்யாணம், காதுகுத்து என்று பாத்திரம் இரவல் போனால் திரும்பி வர வேண்டுமே. கூடையின் விளிம்பில் அப்பாவின் முதலெழுத்தும் என் பேரும் விழுந்துகொண்டிருந்தன.

"ஏம்மா, இது உனக்குத்தானே வாங்குறோம்?"

"வாயில அதான் வந்துச்சு. எப்பவும் உன் பேருதானே சொல்லுவேன்."

"உன் பேர வெட்டச் சொல்லியிருக்கலாம்ல."

"எனக்கு எதுக்குடி பேரு? நான் எங்க போகப்போறேன்?"

மறுநாள் வடித்துப் பார்த்தோம். பழைய அரிசி தீர்ந்து, அந்த வாரம்தான் புது நெல்லை அரைத்து வந்திருந்தோம். புது அரிசியின் கஞ்சி கெட்டியாக, பசை போல இருக்கும். அம்மா சோற்றை அள்ளிப் போட்டாள். முதலில் கொஞ்சம் சொட்டியது. பிறகு கண்கள் எல்லாம் அடைத்துக்கொண்டன. கூடை நிறையக் கஞ்சி தேங்கி, அதற்குள்ளேயே சோறு மேலும் வெந்தது. கரண்டியால் கிளறினேன், அடியில் தட்டினேன். ஒன்றும் இறங்கவில்லை.

அப்பா தட்டைப் பார்த்தார். "இன்னிக்கு என்ன, பொங்கலா?"

"ஆமா. வெல்லம் போட மறந்துட்டோம். சாப்பிடுங்க" என்றாள் அம்மா.

கூடையைத் தேய்க்கும்போதுதான் எனக்கு விளங்கியது. நான் குலுக்கிப் பார்த்தது அரிசியை. கூடையில் விழப்போவது சோறு. வெந்த பருக்கை அரிசியைவிட எவ்வளவோ பெரிது. அரிசி விழும் கண்ணில் சோறு விழாது. கடையில் நான் ஒதுக்கிய கூடைகள் எல்லாமே சரியானவை. நெல் விளைகிற வீட்டுப் பெண், இயந்திரவியல் படித்தவள், இதை யோசிக்கவில்லை. தேவையைத் தப்பாக எழுதிவிட்டு, அதை ரொம்பச் சரியாகச் சோதித்திருக்கிறேன். அலுவலகத்தில் இப்படிச் செய்கிறவர்களுக்கு நான்தான் மென்மையாக எடுத்துச் சொல்லுவேன்.

கடைக்கு போன் செய்தேன். "மாத்தித் தரலாம்மா, அதுக்கென்ன. ஆனா பேர் வெட்டிட்டோமே. உன் பேர்ல உள்ளத நான் யாருக்கு விக்கிறது? பழைய பாத்திர எடைக்கு வேணா போட்டுக்கலாம்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. இன்னொரு முறை மன்னார்குடிக்குப் போக வேண்டும் என்று நினைத்ததே அலுப்பாக இருந்தது. அந்த வாரம் தள்ளிப்போட்டேன். சென்னைக்கு வரச் சொன்ன மின்னஞ்சலுக்கும் பதில் போடவில்லை.

அந்த வாரத்திலேயே ஒருநாள் கூட்டம் நீண்டுவிட்டது. நான்தான் பேசிக்கொண்டிருந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. அம்மாவின் குரலும் வரவில்லை. முடித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் சோறு வடித்திருந்தது. தொட்டி கழுவியிருந்தது. தரையும் கழுவியிருந்தது. அம்மா புடவையைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"காலக் காட்டு."

"ஒண்ணுமில்ல. ரெண்டு சொட்டு."

பாதத்தின் மேல்பக்கம் சிவந்து, விரலருகே கொப்புளம் எழும்பியிருந்தது. குழாய்த் தண்ணீரில் காட்ட வைத்தேன். திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சென்னை வேண்டாம், இங்கேயே ஏதாவது வேலை பார்க்கிறேன் என்றேன்.

"கஞ்சி வடிக்கிறதுக்கா இன்ஜினியரிங் படிச்ச?" என்றாள். பிறகு குழாயை மூடினாள். "பரண்ல ஒண்ணு இருக்கு."

"என்ன ஒண்ணு?"

"வடிகூடை."

ஏணி போட்டு ஏறினேன். மேலே சாக்குகளில் என் சீர்ப் பாத்திரங்கள் இருந்தன. எனக்கு வயது ஏற ஏற அங்கே குவிந்தவை. செய்தித்தாள் சுற்றிய குடங்கள், தூக்குகள், அடுக்குகள். அம்மா கீழே நின்று, அந்தச் சாக்கு இல்லை, அடுத்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தாளைப் பிரித்தேன். கனமான தகடு. மடித்த விளிம்பு. அகலமான காதுகள். அடியில் வளையம். பெரிய பெரிய கண்கள். விளிம்பில் என் பேர். எழுத்தின் பள்ளங்களில் தூசிகூடப் படியவில்லை.

"இத்தன நாளு ஏம்மா சொல்லல?"

"அது உன்னோடதுடி. சீருக்கு வச்சது. பொழங்கினத எடுத்துக் குடுத்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"அரிசியப் பொட்டலம் கட்டிக்கிட்டு நான் கடைகடையா அலைஞ்சப்பகூட உனக்குச் சொல்லத் தோணலையா?"

"தோணுச்சு. ஒரு கடைக்குத்தானே போனோம்."

ஏணியில் நின்றபடியே கேட்டேன். "அப்ப இத எறக்கவா, வேணாமா?"

அம்மா யோசித்தாள். அவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது. ஒவ்வொரு அறுவடைக்கும் ஒன்றிரண்டாகச் சேர்த்தவை அவை. என் கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் நான் எழுந்து போய்விடுவேன். ஆனால் அந்தச் சாக்குகளை நான் ஒருமுறைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை.

"புதுசுலயும் உன் பேருதானே இருக்கு?"

"ஆமா."

"அப்ப அத நல்லாத் தொடச்சி மேல வச்சிடு. இத எறக்கு."

அடைத்துக்கொள்ளும் கூடை என் சீராக மேலே போனது. உபயோகப்படுவது கீழே வந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. பழைய கூடையில் கஞ்சி நன்றாக இறங்கியது. ஆனால் நிறைந்த கூடையை அம்மாவால் தூக்க முடியவில்லை. அதனால் தூக்குவதே இல்லை என்று வைத்துக்கொண்டோம். குண்டானை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்து, அதன் வாயில் கூடையைப் பொருத்தி, இடது கையால் கண் கரண்டியில் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிப் போடுவது. அள்ளி முடிப்பதற்குள் பானையின் அடியில் இருப்பது குழைந்துவிட்டது. அடுப்பைச் சீக்கிரம் அணைத்தால் மேலே இருப்பது வேகவில்லை. நானும் அம்மாவும் அடுப்பை எப்போது அணைப்பது என்று தினமும் சண்டை போட்டோம். அவள் பருக்கையை நசுக்கிப் பார்த்துச் சொல்வாள். நான் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வேன். இரண்டுமே மாறி மாறித் தப்பின.

பிறகு ஒருநாள், கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது, அடுப்படியில் கரண்டிச் சத்தம் கேட்டது. என்னைக் கூப்பிடவில்லை. எழுந்திருக்கக் கூடாது என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரண்டி பானையில் உரசும். கூடையில் தட்டும். நிற்கும். மறுபடி உரசும். முன்பு நான் ஒரு மூச்சில் வடித்துவிட்டு வருவேன். இது முடிவதாகவே இல்லை. கூட்டத்தில் யாரோ என்னிடம் ஏதோ கேட்டார்கள். பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

சத்தம் நின்றபோது போனேன். மேடையில் கொஞ்சம் பருக்கைகள் சிதறியிருந்தன. அம்மாவின் நெற்றியெல்லாம் வேர்வை. இடது கையைத் தொங்கவிட்டு உதறிக்கொண்டிருந்தாள். காலில் ஒன்றும் படவில்லை, நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

அப்பா வந்து உட்கார்ந்தார். முதல் கவளத்தைப் பிசைந்து நிறுத்தினார்.

"சோறு கொஞ்சம் வெரவெரன்னு இருக்கே, இன்னும் வேகணும்."

"அப்படித்தான் இருக்கும்" என்றாள் அம்மா. "இனிமே அப்படித்தான். கொழம்ப ஊத்திப் பெசஞ்சு சாப்பிடுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். அவர் குழம்பை ஊற்றிக்கொண்டார். இரண்டாவது முறையும் சோறு கேட்டார். அம்மா இடது கையாலேயே போட்டாள்.

அன்று மதியம் அலுவலகத்துக்கு, வருகிறேன் என்று பதில் எழுதினேன்.