குருவிக்கு நல்ல தண்ணீர்

எங்கள் பின்வீட்டுக்காரர் மாலத்தீவுக்குச் சரக்குத் தோணி ஓட்டியவர். வெயிலில் கறுத்து இறுகிப்போன முகம். தினமும் காலையில் கொல்லையில் சிட்டுக்குருவிகளுக்குக் கம்பு இறைத்து, மண்சட்டியில் தண்ணீர் ஊற்றுவார். ஊற்றுமுன் ஒரு வாய் குடித்து, உப்புக் கரிக்கிறதா என்று பார்ப்பார்.

ஒருநாள் மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்: "குருவிக்குப் போய் கேன் தண்ணியா அண்ணாச்சி?"

"கெணறு உப்பாயிட்டுல்லா. தோணியோட காணாமப்போன எம் மவனுக்கும் இப்படி எவனாவது நல்ல தண்ணி குடுத்திருப்பாம்னு வீட்டுக்காரி சொல்லுதா."

"கண்டிப்பா குடுத்திருப்பாங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நடுக்கடல்ல யாரு வீடு இருக்கு, தம்பி?"

சொல்லிவிட்டு, வழக்கம்போல ஒரு வாய் குடித்துப் பார்த்தார். வெகுநேரம் அதை விழுங்கவில்லை.