அழுகை இல்லாத படம்

அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், எங்களைச் சினிமாவுக்குக் கூட்டிப்போனார்கள். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் முகம் சுளிப்பார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். அழுது களைத்தவர்களைப் பிறந்த வீட்டார் ஒரு படத்துக்குக் கூட்டிப்போய், வெளியில் சாப்பிட வைத்துக் கொண்டுவந்து விட வேண்டும். துக்கம் மாற்றுவது என்று அதற்குப் பெயர்.

அப்பா கயத்தாறு ரோட்டில் பைக்கில் வரும்போது லாரி ஏறிச் செத்துப்போனார். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது முகத்தை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் துணியால் சுற்றியிருந்தார்கள். அம்மா துணியை விலக்கப் போனாள். அவளுடைய தம்பி, என் மாமா, கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்க்கா. பாக்காத."

அதே மாமா தலையில்தான் இந்தப் பொறுப்பும் விழுந்தது. சண்டைப் படமாகத் தேடிப்போய்ப் பார்க்கிற ஆள், இந்த முறை பெண்ணுக்கு வரன் விசாரிப்பதுபோல விசாரித்தார். அம்மா அத்தனை நாளும் சரியாகச் சாப்பிடவில்லை, பேச்சும் இல்லை. படத்தில் ஒப்பாரி கிப்பாரி வந்துவிட்டால் அக்கா தாங்கமாட்டாள் என்று அவருக்குப் பயம். இடைசெவல் டீக்கடையில் தொடங்கிக் கோவில்பட்டி தியேட்டர் வாசல்வரை எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"படத்துல அழுகை இருக்கா?"

யாரும் பொய் சொல்லவில்லை. டிக்கெட் கொடுத்தவரும், "ஒரு சொட்டு அழுகை கெடையாது அண்ணாச்சி. பிள்ளையள் படம்லா, கைப்பிள்ளையோடல்லாம் வாராவ" என்றார்.

பிள்ளை நடித்தால் பிள்ளைகள் படம், அவ்வளவுதான் எங்கள் ஊர்க் கணக்கு. போஸ்டரில் கதாநாயகன் ஒரு சிறுமியைத் தோளில் தூக்கி வைத்திருந்தான். காலடியில் நாய்க்குட்டி. அவன் முகம் என் பென்சில் டப்பாவிலும் இருந்தது. அப்பா வாங்கித் தந்த டப்பா.

இடைவேளைவரை மாமாவின் கணக்குத் தப்பவில்லை. கதாநாயகன் மகளுக்குச் சடை பின்னத் தெரியாமல் திண்டாடினான், நாய்க்குட்டி ரிப்பனைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அம்மாவின் வாயோரம் லேசாக அசைந்தது. மாமா குனிந்து அதைப் பார்த்துக்கொண்டார். இடைவேளையில் ஓடிப்போய் பப்ஸ் வாங்கிவந்தார். அம்மா பாதி தின்றாள். மாமா ஏதோ பரீட்சையில் தேறியவர்போல உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம் மகளை நாய்க்குட்டியோடு யாரோ கடத்த, கதாநாயகன் அரிவாளை எடுத்தான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. வரிசையாக வெட்டினான். சிறுபிள்ளைகள் சீட்டில் ஏறி நின்று விசிலடித்தார்கள். செத்தவர்களுக்காக அந்தப் படத்தில் ஒருவரும் அழவில்லை. அந்த மட்டுக்கு மாமாவிடம் சொன்னதெல்லாம் உண்மைதான். கடைசியில் ஒருவனை ரோட்டில் தள்ளி, அவன் மேல் லாரியை ஏற்றினான். சக்கரம் ஏறுவதை மெதுவாக, ரொம்ப மெதுவாகக் காட்டினார்கள்.

மாமாவின் கை சட்டென்று என் கண்ணைப் பொத்தியது.

"நெசமில்லட்டி. எல்லாம் சாயம். பாக்காத."

அவர் விரலிடுக்கில் எனக்கு அம்மாவின் முகம் தெரிந்தது. இமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வெளியே வந்ததும் மாமா ஓட்டலுக்குக் கூப்பிட்டார். அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். சாயங்கால பஸ்ஸில் ஏறினோம். எனக்கு ஜன்னலோரம், பக்கத்தில் அம்மா, முன்சீட்டில் மாமா. கோவில்பட்டி தாண்டிப் பருத்திக்காடு வந்ததும் அம்மா முன்னால் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஏ தம்பி, அவியளுக்கும் இப்பிடித்தான் ஆயிருக்குமோ?"

அம்மா படத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். பயந்தவர்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் எனக்கு இப்போது தெரியுமே.

"அது நெசமில்லம்மா. எல்லாம் சாயம்."

அம்மா என் தலையைத் தடவிக்கொடுத்தாள். "ஆமா தாயி, சாயந்தான்" என்றாள்.

நாய்க்குட்டியும் திரும்பி வந்துவிட்டது, நல்லவனும் ஜெயித்துவிட்டான், பிறகு மாமா எதற்காகத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஊர்வரைக்கும் குலுங்கிக்கொண்டே வருகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.